கழுகின் வாலுக்குக் கீழே

மில்பிடாஸ்
ஜனவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

கழுகின் வாலுக்குக் கீழே ஒரு சின்ன S இருக்கிறது. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன், அதற்குக் கடிதமே எழுது என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய தங்கக் காசின் படங்கள் கிடைத்தன. இதை உருக்கித்தான் ஷைன் அத்தான் கட்டப்போகும் தாலியைச் செய்யப்போகிறோம் என்று பின்னால் எழுதியிருந்தீர்கள். முன்பக்கம் கிரீடம் வைத்த பெண்ணின் தலையும் 1860 என்ற வருடமும். பின்பக்கம் கழுகு. வாலுக்குக் கீழே இருந்ததை முதலில் கீறல் என்று நினைத்தேன். அம்மா கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறாள் அல்லவா, அந்த லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கீறல் இல்லை. S.

அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

அத்தைக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

ஜெஸ்மி


இர்விங்
ஜனவரி 17

கர்த்தருக்குள் அன்பான மருமகள் ஜெஸ்மிக்கு,

தேவகிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தையின் முழங்கால் இப்போது அவளைவிட அதிகமாகப் பேசுகிறது.

இருபத்தெட்டு வருஷமாக என் வேதாகம உறைக்குள் கிடக்கிற காசில் எனக்குத் தெரியாத எழுத்தா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கிறது. ஷைன் பிறப்பதற்கு முன்பே அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இந்தக் காசு எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. 1998-இல் எனக்கு வேலை போய், காரை விற்று, பாளையங்கோட்டைக்குத் திரும்ப டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டோரத்தி அம்மாளை ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு அழைத்துப்போவேன். காரை விற்ற பிறகு நடத்தியே கூட்டிப்போனேன். அந்த அம்மாள் ஒருநாள் இதை என் கையில் வைத்து மூடினாள். "விற்றால் ரெண்டு மாத வாடகை, விற்காவிட்டால் விசுவாசம்" என்றாள். நான் விற்கவில்லை. மறுமாதம் வேலை கிடைத்தது. அதனால்தான் இது என் வீட்டுத் தாலியாக வேண்டும் என்கிறேன்.

பெண் வீடு எடிசனில் என்பதால் அங்கேயே ஓக் ட்ரீ ரோட்டில் வெள்ளியங்கிரி என்ற கோயம்புத்தூர்க்காரரிடம் பேசிவிட்டேன். ஈஸ்டர் கழிந்ததும் ஒரு சனிக்கிழமை, போதகர் ஜெபிக்க, பொன் உருக்குகிறோம். அதற்குமுன் காசைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்க வேண்டும். மங்கிப்போய்க் கிடக்கிறது.

பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று? பதினேழு வயதில் மளிகைக் கடையில் பருப்புப் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டினால் போதுமா? உன் அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

ஆசீர்வாதங்களுடன்,
ஐசக் மாமா


மில்பிடாஸ்
பிப்ரவரி 1

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

முதலில் ஒன்று: தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். பேஸ்ட் வேண்டாம், சோப்பு வேண்டாம், துணியால்கூடத் துடைக்க வேண்டாம். நூலகத்தில் பழைய காசுகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். நம் வீட்டில் தங்கம் மங்கினால் அழுக்கு. அவர்களுக்கு அந்த மங்கல்தான் காசின் தோல். அதைத் தேய்த்துவிட்டால் காசு எவ்வளவு அரிதானாலும் "சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரு சொல் அதன்மேல் ஏறிவிடும். அது பிறகு இறங்காதாம்.

S என்பது சான் பிரான்சிஸ்கோ. இந்தக் காசு எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்தைந்து மைல் தூரத்தில் அச்சடிக்கப்பட்டது, மாமா! அந்த வருடம் அங்கே இந்தப் பத்து டாலர் காசில் ஐயாயிரம்தான் அடித்தார்களாம். பெரும்பாலானவை புழங்கித் தேய்ந்தோ உருகியோ போய்விட்டன. உங்கள் காசில் பெண்ணின் காதுக்கு மேல் கூந்தல் சுருள் இன்னும் இழை இழையாகத் தெரிகிறது. இடுக்குகளில் பழைய தூசி அப்படியே இருக்கிறது. அது நல்லது.

இன்னொன்றும் கவனித்தேன். கழுகின் தலைக்கு மேலே நாடா போல வளைந்து "இன் காட் வி டிரஸ்ட்", தேவனை நம்புகிறோம் என்று இருக்குமே, அது உங்கள் காசில் இல்லை. 1866-க்கு முந்திய காசுகளில் கிடையாது என்று புத்தகத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே மழை பெய்கிறது.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க வேண்டாம்.

அன்புடன்,
ஜெஸ்மி


இர்விங்
பிப்ரவரி 24

என் தங்க ஜெஸ்மிக்கு,

ஜெயலீலா அத்தை எழுதுகிறேன். உன் மாமாவுக்குத் தெரியாது. மூன்று வாரமாகப் பதில் வரவில்லையே என்று நீ காத்திருப்பாய். அந்த மனுஷன் எனக்கே பதில் சொல்வதில்லை.

உன் கடிதத்தைப் படித்தவர் காசை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். டார்ச், என் மூக்குக்கண்ணாடி, அவர் மூக்குக்கண்ணாடி, எல்லாம் வைத்துப் பார்த்தார். "இல்ல ஜெயா" என்றார். "என்ன இல்ல?" என்றேன். "கர்த்தர் பேரே இல்ல. இத்தன வருஷம் வேதாகமத்துக்குள்ள வச்சிருக்கேன், ஒருநாளும் பாக்கல." ஒன்று இது பொய்க் காசு, இல்லையென்றால் தேவன் பெயரை விட்டுவிட்ட காசு; எதுவானாலும் வேதாகமத்தில் இருக்கக் கூடாதென்று எடுத்து அடுப்படி இழுப்பறையில் போட்டுவிட்டார். கரண்டிகளோடு!

இப்போது ஈஸ்டர் வரை காத்திருக்கவும் மாட்டாராம். மார்ச் 21-க்கே டிக்கெட் போட்டுவிட்டார். "நெருப்புல போட்டா எல்லாம் சுத்தமாயிரும்" என்கிறார். "ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல போயி யாராச்சும் கல்யாண வேலை பாப்பாங்களா?" என்று கேட்டேன். "உருக்கத்தானே போறோம், மேளமா அடிக்கப்போறோம்?" என்கிறார்.

நீ படிக்க வேண்டாம் என்று அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்து நான் படித்துவிட்டேன். "உருக்க வேண்டாம் மாமா" என்று இருந்தது. அதனால் காசை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டேன். அவர் கை அங்கே ஒருநாளும் போகாது.

சாப்பாட்டைக் குறைக்காதே. உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


மில்பிடாஸ்
மார்ச் 2

அன்பு அத்தைக்கு,

முதலில் காசை அரிசியிலிருந்து எடுத்துவிடுங்கள்! அரிசி உரசும். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, பஞ்சில் வைத்து, சின்ன அட்டைப்பெட்டியில் போடுங்கள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

தப்பு என்னுடையதுதான். அந்த வாசகம் இல்லை என்று எழுதியபோது மாமாவுக்கு அது எப்படிப் படும் என்று யோசிக்கவில்லை. அவர் காசைக் காப்பாற்றுவார் என்று நினைத்து எழுதினேன், அவசரப்படுத்திவிட்டேன்.

சனிக்கிழமை அம்மாவோடு சான் ஹோசேயில் ஒரு பழைய காசுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் கார்வர். "என்ன வேண்டும்?" என்று கேட்டார். எனக்குக் குரல் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் படங்களை வெகுநேரம் பார்த்தார். "படம் காசாகாது. நேரில் பார்க்க வேண்டும். ஆனால் யாராவது இதை எடைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். என் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தை, நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருக்கிறது.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஜெஸ்மி


இர்விங்
மார்ச் 7

ஜெஸ்மிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் கடிதம் என் கையில்தான் கிடைத்தது. அத்தை பெயருக்கு வந்ததைப் பிரித்தது தப்பு. அரிசிக்குள் என் காசை ஒளித்ததும் தப்பு. சரிக்குச் சரியாயிற்று.

டோரத்தி அம்மாள் மரிக்கும்வரை ஜெபித்தவள். அவள் எனக்குப் பொய்யைக் கொடுத்தாள் என்று நினைக்கவும் முடியவில்லை. இந்தக் காசைப் பார்த்தால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. உருக்கினால்தான் எனக்கு நிம்மதி. காசு போய் தாலி வந்துவிடும். யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எடிசனுக்கு வந்து, போதகர் முன்னால், வாயால் சொல். அடித்த வரிகளுக்கெல்லாம் நான் பதில் எழுத மாட்டேன்.

ஐசக்


மில்பிடாஸ்
மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். வருகிறேன். அம்மாவுக்கு லீவு இல்லை; தனியாகத்தான் வருகிறேன்.

ஜெஸ்மி


எடிசன்
மார்ச் 22

என் அம்மாவுக்கு,

நலம்தான், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். போனில் சொன்னால் பாதிதான் வரும், எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளியங்கிரி அங்கிளின் பட்டறை ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கிறது. நேற்றுக் காலை பத்து மணிக்கு மாமா, அத்தை, ஷைன் அத்தான், பெண் வீட்டார், போதகர் எல்லோரும் அங்கே நின்றோம். அங்கிள் காசை நிறுத்தார். "ரெண்டு பவுனுக்குச் சித்த மேலயே நிக்குதுங்க. ஆனா சுத்தத்துல நூத்துக்குத் தொண்ணூறு டச்சுதான், நம்ம ஊரு தொள்ளாயிரத்துப் பதினாறு வராதுங்க" என்றார். "பரவால்ல, நெருப்ப வைங்க" என்றார் மாமா. போதகர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

விமானத்தில் ஐந்து மணி நேரம் மனப்பாடம் செய்த பேச்சு என்னிடம் இருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. வகுப்பில் நின்றதைப் போலவே நின்றேன். காது அடைத்துக்கொண்டது. அங்கிள் இடுக்கியை எடுத்துக் காசின் முகத்தின்மேல் குறுக்காக வைத்தார்.

"விளிம்புல புடிங்க!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன், அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, என்ன இப்படிக் கத்துத?" என்றார் மாமா.

"கத்தட்டும். அமெரிக்கா வந்து ஆறு வருஷத்துல இப்பதான் கத்துதா" என்றாள் அத்தை.

வெள்ளியங்கிரி அங்கிள் இடுக்கியைக் கீழே வைத்தார். "ஏனுங்க அம்மிணி, உருக்கப்போற காசுக்கு விளிம்பு என்ன, மூஞ்சி என்ன?"

"உருக்கக் கூடாது" என்றேன்.

மாமா கையைக் கட்டிக்கொண்டார். "அடிச்ச வரிய வாயால சொல்லிட்டா. சரி. காரணம் சொல்லு. கர்த்தர் பேர் இல்லாத காச நான் எதுக்கு வச்சிருக்கணும்?"

மனப்பாடம் செய்தது எதுவும் நினைவில் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். "மாமா, 1861-ல ஒரு போதகர் கவர்மென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம்ம காசுல தேவன் பேர் ஏன் இல்லன்னு கேட்டு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு காசா அத சேத்தாங்க. இந்தக் காசு 1860. அந்தப் போதகர் அப்ப பேனாவே எடுக்கல. இது கர்த்தர விட்டுட்ட காசு இல்ல. அதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

மாமா கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"1860-ன்னு போட்டு அந்த வாசகமும் இருந்திருந்தாத்தான் மாமா இது பொய்க் காசு. இல்லாததுதான் சரி. டோரத்தி அம்மா உங்களுக்கு நிஜத்தத்தான் குடுத்திருக்காங்க."

அம்மா, மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். போதகர்தான் முதலில் பேசினார். "ஒரு போதகர் கடிதம் எழுதியா மாத்தினாங்க? பாத்தீங்களா ஐசக் அண்ணே! நான் அப்பார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு எழுதினா ஒரு குழாயக்கூட மாத்தமாட்டேங்காங்க."

ஷைன் அத்தான் சிரித்துவிட்டார். வெள்ளியங்கிரி அங்கிள் நெருப்பை அணைத்தார். "நானு நாப்பது வருசமா உருக்கறவனுங்க. எந்தக் காசையும் தங்கமாக்கிப்போடுவேன். தங்கத்த மறுபடி இந்தக் காசாக்க என்னால ஆகாதுங்க. அம்மிணி சொல்றத ஒருக்கா கேளுங்க."

"அப்ப தாலிக்குத் தங்கம்?" என்று மாமா அத்தையின் வளையலைப் பார்த்தார்.

"என் கையப் பாக்காதீங்க. உங்க விரலப் பாருங்க" என்றாள் அத்தை.

மாமாவின் மோதிரம் கழலவில்லை. கல்யாணத்தன்று போட்டதாம். சோப்பு போட்டோம். போதகர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஷைன் அத்தான் இழுத்தார். "அறுவ சிகிச்சையால்ல இருக்கு!" என்று மாமா அலறினார். பிறகு டக்கென்று வந்தது. உருக்கும் கிண்ணமான மூசைக்குள் அது உருகி உருண்டு நின்றபோது அத்தை என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்க மற்ற கை போதவில்லை.

கடைசியில் மாமா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் பிடித்து, என் உள்ளங்கையில் வைத்தார். "சான் ஹோசேக்காரர்ட்ட கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். ஏர்போர்ட்டில் காசைப் பற்றிக் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
ஜெஸ்மி


இர்விங்
மே 30

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜெஸ்மிக்கு,

கல்யாணக் களைப்பு தீர்ந்து நானும் அத்தையும் சுகம். ஷைனும் அவன் மனைவி எழிலரசியும் வந்துபோனார்கள். என் மோதிரம் அவள் கழுத்தில் நன்றாக இருக்கிறது.

கார்வர் அனுப்பிய அறிக்கை நேற்று வந்தது. தரம் பார்க்கிறவர்கள் காசைப் பரிசோதித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரை வைத்துவிட்டார்களாம். எழுபதுக்கு நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. ஷைன் அல்ஜீப்ராவில் வாங்கியதைப் போல இருக்கிறதே என்று மனம் ஒடிந்துவிட்டேன். உடனே கார்வருக்குப் போன் போட்டேன். மனுஷன் சிரிக்கிறார். நூற்றறுபது வருஷம் கைமாறிய காசுக்கு அது மிக நல்ல மதிப்பெண்ணாம். நிஜக் காசு. இயல்பான மேற்பரப்பு. சுத்தம் செய்யப்படவில்லை. இந்த மூன்றையும் உன் அத்தைக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நான்காவது தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

"சுத்தம் செய்யப்படவில்லை" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று பேஸ்ட் வைத்த பிரஷ்ஷோடு வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அத்தை தபாலைக் கொண்டுவந்து நீட்டினாள். உன் கையெழுத்தைப் பார்த்துப் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் இடைவெளி. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

விலை கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று கார்வர் சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு. விற்கவில்லை. டோரத்தி அம்மாள் விற்காதே என்று சொல்லவில்லை, ஆனாலும் விற்கவில்லை. காசு பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, உன்னிடமே இருக்கட்டும்.

ஜூன் 20 சான் ஹோசேயில் நடக்கும் காசுக் கண்காட்சியில் இதை வைக்கக் கேட்கிறார். பக்கத்தில் நின்று விவரம் சொல்ல ஒருவர் வேண்டுமாம். "என் மருமகளைத் தவிர இந்தக் காசைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதி இல்லை" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். முடியாது என்றால் எழுது. நானே விமானம் ஏறி வந்து நின்று, தெரியாததையெல்லாம் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்திருப்பாய்.

உன் மாமா,
ஐசக்


மில்பிடாஸ்
ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கவனித்தேன், மாமா.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். பெரிய கூடம், நூறு மேஜைகளாவது இருக்கும். நம் காசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: 1860, சான் பிரான்சிஸ்கோ. அதற்குக் கீழே உங்கள் பெயர், அதற்குக் கீழே டோரத்தி அம்மாளின் பெயர். கார்வரிடம் நான்தான் சொல்லி எழுத வைத்தேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். மார்ச்சில் நான் எழுதிக் கொடுத்த அதே காகிதம். "இன்றைக்கும் இது வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அம்மா கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். அவள் கையைப் பிசைவது தெரிந்தது. நான் மேஜைக்குப் பின்னால் போனேன். பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதலில் வந்தவர் தொப்பி வைத்த வயதானவர். அட்டையைப் படித்தார், குனிந்து பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். "சான் பிரான்சிஸ்கோ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அம்மாவின் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். "கழுகின் வாலுக்குக் கீழே பாருங்கள்" என்று சொன்னேன்.

ஜெஸ்மி